திட மின்கலமும் லித்தியக் கிளைப்படிகமும்

இரசாயன ஆய்வுச்சாலையில் முதலாண்டு மாணவர் கண்டு வியக்கும் காட்சிகளுள் வெள்ளிமரம் என்பது ஒன்று. வெள்ளி நைத்திரேட்டுக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் ஒரு செம்புக் கம்பியை இட்டு அசையாது வைத்தால், சிறிது நேரத்தில் அக்கம்பியைச் சூழ வெண்மையான ஊசிகள் தோன்றும், ஊசிகள் கிளைக்கும், கிளைகள் மீண்டும் கிளைக்கும். நிறமற்றிருந்த கரைசலோ மெல்ல நீலநிறம் எய்தும். வேரும் விதையுமின்றி ஓர் உலோகம் மரம்போல் வளர்வதைக் கண்டு மகிழாத மாணவர் இலர்.

இத்தகைய மரமொன்று ஒரு மின்கலத்தினுள் லித்தியத்தால் முளைக்குமாயின், அது மகிழ்தற்குரிய காட்சியன்று. அம்மரம் கலத்தை அழிக்கும். சில வேளைகளில் கலம் இருக்கும் வீட்டையும் எரிக்கும். மேனாட்டார் இதனை டெண்டிரைட் என்பர். மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. நாம் இக்கட்டுரையில் அதனைக் கிளைப்படிகம் என வழங்குவோம். அது வளராதபடி தடுக்கும் வழி யாது என்பதனை இன்று உலகெங்குமுள்ள அறிஞர் பலர் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியில் நம் காரைக்காலை உள்ளிட்ட புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கும் சிறப்பான தொடர்பு ஒன்று உண்டு. ஆதலின் இதனை நம் மாணவர்க்கு இயன்ற அளவு எளிதாக விளக்கப் புகுகின்றோம்.

லித்தியத்தின் பெருமையும் சிறுமையும்

காரைக்கால் பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த காலத்தே, அத்தேசத்தவராகிய காஸ்டன் பிளாந்தே என்பார் 1859-ஆம் ஆண்டில், ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத் தக்க முதற் சேமக்கலத்தைச் செய்தார். இன்றும் நம் வீடுகளில் மின்சாரம் நின்றவிடத்து விளக்கெரிக்கும் பாட்டரிகளிற் பல அதன் வழிவந்தனவே. அதன் பெருங்குறை அதன் எடையாகும். ஈயம் கனத்த உலோகம் அன்றோ?

லித்தியமோ உலோகங்கள் அனைத்தினும் இலேசானது. ஒரு கன சென்டிமீட்டர் லித்தியத்தின் எடை ஏறத்தாழ அரைக் கிராமே. அவ்வுலோகத்தில் ஒரு கிராம் ஏறத்தாழ 3860 மில்லியாம்பியர் மணி அளவுள்ள மின்சாரத்தைத் தரவல்லது. ஆதலின் 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்பார் லித்திய உலோகத்தையே எதிர்முனையாக அமைத்து ஒரு சேமக்கலம் இயற்றினார். அது நன்கு வேலை செய்தது. ஆயினும் பன்முறை மின்னேற்றியபின் அதனுட் கிளைப்படிகம் வளர்ந்தது. 1980-களில் இவ்வகைக் கலங்களைச் செய்து விற்ற முயற்சியும், அவை தீப்பற்றியமையால் 1989-இல் வீழ்ச்சியுற்றது.

பின்னர் அறிஞர் வேறு வழி கண்டனர். உலோகத்தை விடுத்து, லித்திய அயனிகளைத் தன் அடுக்குகளுக்கிடையே ஏற்று வைக்கும் காரீயக்கரியாகிய கிராபைட்டை எதிர்முனையாக்கினர். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்திய அயனிக் கலம், கரியை எதிர்முனையாக உடைய இவ்வகையினதே. கைப்பேசி முதல் மின்சார வண்டி வரை இன்று இயக்குவது அதுவே. இத்துறையில் உழைத்த விட்டிங்ஹாம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃப் சார்பில் நோபல் பேருரை நிகழ்த்தியவர், சென்னையிற் பயின்ற தமிழராகிய ஆறுமுகம் மந்திரம் என்பது நாம் நினைந்து மகிழ்தற்குரியது.

கிராபைட்டு நமக்கு அமைதியைத் தந்தது. ஆயின் விலையின்றித் தரவில்லை. ஒரு கிராம் கிராபைட்டு கொள்வது 372 மில்லியாம்பியர் மணியே. அஃதாவது லித்திய உலோகம் கொள்வதிற் பத்தில் ஒரு பங்கு. அன்றியும் மிகு விரைவாகவோ கடுங்குளிரிலோ மின்னேற்றினால், கிராபைட்டின் மேலும் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். பழைய பகை முற்றும் ஒழிந்ததன்று, ஒதுங்கியே நிற்கின்றது.

மரம் முளைக்குமாறு

மின்னேற்றும்போது லித்திய அயனிகள் நேர்முனையினின்று புறப்பட்டு, இடையிலுள்ள மின்பகுபொருளைக் கடந்து, எதிர்முனையை அடைந்து, அங்கே ஓர் எலெக்ட்ரானைப் பெற்று உலோகமாகப் படிகின்றன. எதிர்முனையின் பரப்பு முற்றும் சமமாக இருப்பின் படிவும் சமமாக இருக்கும். ஆனால் முற்றும் சமமான பரப்பு உலகில் ஏது? எங்கேனும் அணுவளவு மேடு இருப்பின், அம்மேட்டின் முனையில் மின்விசை செறியும். அயனிகளுக்கும் அதுவே அண்மையான இடமாகும். ஆகவே அவை அங்கே மிகுதியாகப் படியும்; மேடு உயரும்; உயர உயர இன்னும் மிகுதியாகப் படியும். வெள்ளிமரத்தின் கிளைநுனிகள் விரைந்து வளர்தற்குக் காரணமும் இதுவே.

இங்ஙனம் வளர்ந்த கிளை மறுமுனையைத் தொட்டவுடன் கலத்தினுள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகும். மின்னோட்டம் வெளியே செல்லாது உள்ளேயே பாய்ந்து உஷ்ணத்தை எழுப்பும். வழக்கமான கலங்களிலுள்ள மின்பகுபொருள் எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவமாதலின், அவ்வுஷ்ணம் தீயாக மாறவும் கூடும். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மின்சார இருசக்கர வண்டிகள் சில தீப்பற்றி, உயிர்ச்சேதமும் நேர்ந்தது பலர்க்கு நினைவிருக்கும். அவற்றின் காரணங்கள் பல. கிளைப்படிகமே காரணம் எனக் கூற நாம் துணியோம். ஆயினும் எரியும் திரவத்தைச் சுமந்து திரிதலில் உள்ள இடரை அந்நிகழ்ச்சிகள் யாவர்க்கும் உணர்த்தின.

திடப்பொருளை நாடியது

திரவமே தீயின் உணவாயின், அதனை நீக்கித் திடப்பொருளொன்றை வைத்தால் என்ன? திடப்பொருள்களுள்ளும் அயனிகள் செல்லும் என்பதை மைக்கேல் பாரடே 1830-களிலேயே வெள்ளிச் சல்பைடு முதலியவற்றிற் கண்டிருந்தார். 1967-இல் சோடியம் அயனிகளை விரைந்து செல்லவிடும் பீட்டா அலுமினா அறியப்பட்டது. 1978-இல் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் அர்மான், பிளாஸ்டிக்குப் போன்ற பாலிமரில் லித்திய உப்பைக் கலந்து திட மின்பகுபொருளாக்கலாம் என எடுத்துக் காட்டினார். அவ்வகைக் கலம் பூண்ட வாடகைக் கார்கள் 2011 முதல் 2018 வரை பாரிஸ் நகர வீதிகளில் ஓடின. ஆயினும் அவற்றின் கலங்களை வெந்நீரளவு சூட்டில் வைத்தாலன்றி அயனிகள் விரைந்து செல்லா.

சாதாரண உஷ்ணத்திலேயே வேலை செய்யும் திடப்பொருள் வேண்டுமன்றோ? இங்கேதான் நம் நாட்டவர் இருவர் வருகின்றனர். 2007-ஆம் ஆண்டில் இராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, ஜெர்மானியராகிய வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும், ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்துத் தாம் செய்த ஆராய்ச்சியால், லித்தியம், லாந்தனம், சிர்க்கோனியம், ஆக்ஸிஜன் என்னும் நான்கும் 7, 3, 2, 12 என்ற விகிதத்திற் கூடிய பொருளொன்றை உலகுக்கு அறிவித்தனர். அதன் அணு அமைப்புக் கார்னெட் என்னும் மணியின் அமைப்பை ஒத்தது. நம்மவர் நவமணிகளுள் ஒன்றாகப் போற்றும் கோமேதகமும் அவ்வினத்ததே. 1200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் சுட்டெடுத்த இவ்வோட்டுப்பொருள், அறையின் சாதாரண உஷ்ணத்திலேயே லித்திய அயனிகளை நன்கு செல்லவிட்டது. லித்திய உலோகத்தோடு நேரே பொருந்தியிருந்தும் எளிதிற் சிதையவில்லை. தீப்பற்றுவதும் இல்லை. முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் ஆசிரியராக இருந்து இப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் உரிய தொடர்பு என நாம் முன்னர்க் குறித்தது இதுவே.

கடினத்தால் மட்டும் ஆகாமை

திட மின்பகுபொருள் கிடைத்தது. இனிக் கிளைப்படிகத்தைப் பற்றிக் கவலையில்லை என்றே பலர் எண்ணினர். அவ்வெண்ணம் ஆதாரமற்றதும் அன்று. 2005-இல் சார்லஸ் மன்ரோ, ஜான் நியூமன் என்னும் இருவர் கணக்கிட்டு, இடையிலுள்ள பொருளின் விறைப்பு லித்தியத்தின் விறைப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருப்பின், கிளை எழாது அமுங்கிவிடும் என்றனர். அவர் கணக்கிட்டது பாலிமர்களைக் கருதியே. கார்னெட்டு ஓட்டின் விறைப்போ இரு மடங்கன்று, பத்து மடங்கிற்கும் மேற்பட்டது. லித்தியமோ கத்தியால் அறுக்கத்தக்க மென்மையான உலோகம். மெழுகு கருங்கல்லைத் துளைக்குமோ?

துளைத்தது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லியாம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்திலேயே, பல சோதனைகளில், லித்தியம் அவ்வோட்டை ஊடுருவி மறுபுறம் சென்று குறுக்குச்சுற்று விளைத்தது. இவ்வியப்பின் காரணத்தை அறிய, காவிரிக் கடைமடையில் வாழும் நமக்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. அரசலாற்றுப் பாசனத்தில் உழவு செய்யும் குடியானவன் ஒருவனை, வரப்பு ஏன் உடைகின்றது என வினவுங்கள். வரப்பு மென்மையாயிருந்தமையால் உடைந்தது என்று அவன் பெரும்பாலும் கூறமாட்டான். நண்டு வளையால் உடைந்தது என்பான். மண் எவ்வளவு இறுகியிருப்பினும், விரல் நுழையும் வளையொன்று இருப்பின் நீர் அவ்வழியே புகும். புகுந்த நீர் வளையை அகலச் செய்யும். விடிவதற்குள் வரப்பில் உடைப்பு எடுத்துவிடும். நீர் மண்ணினும் மென்மையானதே. ஆயினும் அது வரப்போடு மோதி வெல்வதில்லை, வரப்பில் முன்னமே உள்ள குறையைத் தேடி வெல்கின்றது.

கார்னெட்டு ஓட்டில் நிகழ்வதும் இதுவே. 2017-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து யெட்-மிங் சியாங்கும் அவருடன் உழைத்தவர்களும் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஓட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களில் லித்தியம் படிகின்றது. மேலும் மேலும் படியுங்கால் இடம் போதாமையால் கீறலின் இருபுறத்தையும் நெருக்குகின்றது. ஓடு உடையும் இயல்பினதாதலின் கீறல் நீண்டு வெடிப்பாகின்றது. அவ்வெடிப்பையும் லித்தியம் நிரப்புகின்றது. பொடிமணிகள் சேர்ந்த ஓட்டில் மட்டுமன்றி, ஒரே படிகமாக வளர்த்த கார்னெட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது.

இதனோடு வேறு இரண்டு குறைகளும் அறியப்பட்டன. முதலாவது, மின்கலம் மின்சாரத்தைத் தரும்போது நிகழ்வது. அப்போது லித்தியம் எதிர்முனையினின்று அயனியாக நீங்குகின்றது. நீங்கும் வேகத்திற்கு ஈடாக உள்ளிருந்து உலோகம் வந்து நிரம்பாவிடின், ஓட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே வெற்றிடங்கள் தோன்றும். கோடையில் நீர் வற்றியபின் வயல் வெடித்துக் கிடத்தல் போன்றது இது. பின்னர் மீண்டும் மின்னேற்றுங்கால், தொடர்பு எஞ்சியுள்ள சில இடங்களிலேயே மின்னோட்டம் முழுவதும் செறிந்து, அங்கே கிளை முளைக்கும். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துப் பீட்டர் புரூஸ் குழுவினர் 2019-இல் இதனை விளக்கினர். இரண்டாவது, மின்பகுபொருள் அயனியை மட்டும் செல்லவிட்டு, எலெக்ட்ரானை முற்றும் தடுக்கவேண்டும். சிறிதளவு எலெக்ட்ரான் கசிந்தாலும், ஓட்டின் நடுவிலேயே அயனியும் எலெக்ட்ரானும் கூடி லித்தியம் முளைக்கும். இதனையும் 2019-இல் அமெரிக்க அறிஞர் எடுத்துக் காட்டினர்.

தடுக்கும் வழிகள்

நோயின் மூலம் அறிந்தபின் மருந்து தேடுதல் எளிதாகும். இதுகாறும் கண்ட வழிகளுள் முதன்மையானவற்றைக் கீழே தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, ஓட்டைப் பழுதின்றிச் செய்தல். பொடியை நன்கு அழுத்திச் சுட்டு, உள்ளே துளைகள் இல்லாதபடி செறிவாக்கி, மேற்பரப்பைக் கீறலின்றி மெருகிடவேண்டும். நண்டு வளையை முதலிலேயே அடைத்தல் இது.

இரண்டாவது, மேற்பரப்பைத் தூய்மை செய்தல். கார்னெட்டு ஓடு ஈரக்காற்றுப் பட்டவுடன், காற்றிலுள்ள நீராவியோடும் கரியமில வாயுவோடும் கூடித் தன்மேல் லித்தியக் கார்பனேட்டுப் படலமொன்றைப் போர்த்துக்கொள்ளும். அப்படலத்தின்மேல், தாமரையிலைமேல் நீர்போல, லித்தியம் ஒட்டாது நிற்கும். ஒட்டாத இடமெல்லாம் மின்னோட்டம் செல்லாத இடமாம்; எஞ்சிய இடத்தில் அது செறியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெஃப் சகமோட்டோ முதலியோர் 2017-இல், ஓட்டை மெருகிட்டுக் காற்றுப் படாத இடத்திற் சூடேற்றி அப்படலத்தை நீக்கினால், லித்தியம் நன்கு பரவி ஒட்டுகின்றது எனக் காட்டினர்.

மூன்றாவது, இடைப்படலம் பூசுதல். அதே 2017-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் கார்னெட்டின்மேல் அலுமினியம் ஆக்ஸைடை மிக மெல்லிய படலமாகப் பூசினர். ஓட்டுக்கும் லித்தியத்துக்கும் இடையே 1710 ஓம் சதுர சென்டிமீட்டராக இருந்த தடை, 1 ஓம் அளவிற்குக் குறைந்தது. 2020-இல் கொரிய நாட்டுச் சாம்சங் ஆராய்ச்சியாளர், வேறொரு கந்தகத் திட மின்பகுபொருளின்மீது வெள்ளியும் கரியும் கலந்த படலத்தை அமைத்து, 1000 முறை மின்னேற்றியும் பழுதுறாத கலத்தை இயற்றினர். நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து நாக பணி ஏட்டுக்கூரியும் அவர்தம் மாணவர்களும், அமெரிக்கக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. வெற்றிடம் முன்னர்த் தோன்ற, கிளைப்படிகம் அதன் பின்னர்த் தோன்றுகின்றது என்னும் தொடர்பை அவர்கள் நிறுவினர். எளிதில் உருகாத டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகிய உலோகங்களை மெல்லிதாகப் பூசியவிடத்துக் கிளைப்படிகம் தோன்றுதல் தாமதமாகின்றது என்றும் கண்டனர்.

நான்காவது, அழுத்தத்தை அளவறிந்து பயன்படுத்தல். கலத்தை இருபுறமும் அழுத்திப் பிடித்தால், மென்மையான லித்தியம் நெகிழ்ந்து வெற்றிடத்தை நிரப்பும். ஆனால் மிகுதியாக அழுத்தினால் அதே லித்தியம் கீறல்களுட் புகுத்தப்படும். ஆக்ஸ்போர்டார் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிளை தோன்றுதலும் அது வளர்ந்து செல்லுதலும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்றும், அழுத்தம் மிகின் வளர்ச்சி எளிதாகும் என்றும் தெளிவுறுத்தினர். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாதல் இங்கு அறியத்தக்கது.

ஐந்தாவது, மின்னோட்டத்தை வரையறைக்குள் நிறுத்தல். எக்கலத்துக்கும் இவ்வளவே தாங்கும் என்னும் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குட்பட்டு மெல்ல ஏற்றினால் லித்தியம் சமமாகப் படியப் பொழுது கிடைக்கும். மிதமான சூடும் இதற்குத் துணை செய்யும். ஆயினும் சில நிமிடங்களில் மின்னேற்றவேண்டும் என்று உலகம் கேட்கின்றது. ஆதலின் இவ்வழி மட்டும் போதாது.

இவ்வைந்தும் கூடியும் துன்பம் முற்றும் தீர்ந்தபாடில்லை. சோதனைச் சாலையிற் செய்யும் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு கனமுடைய சிறு வில்லை. வண்டிக்கு வேண்டுவதோ தலைமயிரினும் மெல்லிய அகன்ற தாள். அத்துணை மெல்லிய ஓட்டை ஒரு கீறலுமின்றி இலட்சக்கணக்கிற் செய்தல் அரிதினும் அரிது.

நம் கடற்கரையும் இவ்வாராய்ச்சியும்

இஃது எங்கோ மேனாட்டார்க்குரிய வினா, நமக்கென்ன என்று நம் மாணவர் எண்ணலாகாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியபோது, இக்கடற்கரை முழுதும் மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர்கள் பல நாட்கணக்கில் இருளிற் கிடந்தன. குடிநீர் ஏற்றும் இயந்திரமும், நோயாளிக்கு வேண்டிய மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டியும் நின்றுபோதல் என்ன துன்பம் என்பதை அனுபவித்தோர் அறிவர். பகலிற் கூரைமேல் விழும் வெயிலை அச்சமின்றிச் சேமித்து வைக்கும் கலம் வீடுதோறும் இருப்பின், அத்தகைய நாட்களில் அது எவ்வளவு பெரிய உதவி! ஓலைக் குடிசையிலும் படகிலும் வைக்கத்தக்க கலம், தீப்பற்றாத கலமாகவே இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கார்னெட்டுக்கு முதற்பகை ஈரக்காற்று என்றோம். காரைக்காற் கடற்காற்றினும் ஈரமிக்க காற்றை எங்கே தேடுவது? பனிநாட்டுச் சோதனைச் சாலையில் வெற்றி பெற்ற முறை நம் ஐப்பசி மாதத்திலும் வெற்றி பெறும் என்று உறுதி கூற இயலாது. ஈரத்தால் கெடாத ஓட்டை ஆக்குவதும், கெட்டபின் எளிதில் தூய்மை செய்வதும் ஆகிய வினாக்கள், இவ்வெக்கரில் வாழ்வோர்க்கு மிகவும் உரியவை. இதற்கான இடங்களும் நமக்குத் தொலைவில் இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குக் காரைக்காலிலும் ஒரு வளாகம் உண்டு; 2010-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் நடைபெறுகின்றது; வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்தமையால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்னிரசாயன ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கின்றது.

இத்துறையிற் புக விரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே. கடினமான பொருளைக் கண்டவுடன் காரியம் முடிந்தது என்று அறிஞர்களே ஒருகால் எண்ணினர். குறை பொருளின் நடுவில் இல்லை, இரண்டு பொருள்கள் பொருந்தும் இடத்திலும் கண்ணுக்குப் புலப்படாத கீறலிலும் இருந்தது. ஆகவே அடுத்த முறை ஆய்வுச்சாலையில் வெள்ளிமரம் வளர்க்குங்கால், மரத்தின் அழகை மட்டும் கண்டு மீளாதீர்கள். முதல் ஊசி கம்பியின் எவ்விடத்தில் எழுந்தது, ஏன் அவ்விடத்தில் எழுந்தது என்று பூதக்கண்ணாடி கொண்டு உற்றுநோக்கி, உங்கள் குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள்.